பஞ்சு அடைத்த டப்பா

அந்த மாத்திரை டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வராது. வேலூரிலிருந்து மலைக்குப் போகும் பேருந்து கணியம்பாடியில் நின்று சட்டெனக் கிளம்பியபோது, முன் இருக்கைப் பெண்ணின் பையிலிருந்து விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. ஒட்டியிருந்த தாளை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். நிருபர் வேலையில் அந்த வகை டப்பாவை முன்பே பார்த்திருக்கிறேன், எச்.ஐ.வி. மாத்திரை. வாங்கிக்கொள்ளத் திரும்பியவர், ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றின் சத்துணவுச் சமையலம்மா. ஒழுகும் சமையற்கூடத்தைப் பற்றிச் செய்தி எழுதப் போனபோது பழக்கம்.

"தெரிஞ்சிபோச்சு, இல்ல சார்?" என்றார். டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "உள்ள பஞ்சு அடைச்சிருக்கேன். சலசலன்னு கேட்டா, இன்னா மாத்திரைன்னு பக்கத்துல குந்தினு இருக்கறவங்க கேப்பாங்க."

கணவர் இறந்தபின் நான்கு ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டியது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரே மகனிடம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். தலைமையாசிரியரெல்லாம் அதற்குப் பிறகு. மாசியில் வீட்டு மரத்துப் புளியை உலுக்க அவன் வருவான். "மரத்து மேல இருக்கும்போது சொல்லக்கூடாது சார். எறங்கி, கைகால் கழுவி, சோறு தின்னப்பறம் சொல்லணும். வேற எவன் வாயாலயும் அவன் கேக்கக்கூடாது." நாளை மட்டுமல்ல, நேரத்தையும் அவர் முடிவு செய்து வைத்திருந்தார்.

எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு போடாதீங்க, ஊரு போடாதீங்க. என்னமாதிரி இருக்கறவங்க படிச்சா நல்லதுதான்" என்றார். பெயரை மாற்றினேன். ஊரை விட்டுவிட்டேன். மலையின் பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் கையை எழுதினேன். பல ஆண்டுகளுக்கு முன் கொதிக்கும் கஞ்சி கொட்டி அவருடைய வலது கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. இடது கையால்தான் பரிமாறுவார். "பீச்சாங்கை சாம்பாரு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "அந்தச் சாம்பாருக்குத்தான்டா மூணாவது வாட்டி தட்டை நீட்டுற" என்பார். இடது கையால் சோறு போடும் சமையலம்மா என்றே என் கட்டுரை தொடங்கியது. "அந்தக் கை பிரமாதம்யா" என்று செய்தி ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் பேருந்தில் வரும் பேப்பரை டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்பது அந்த ஊர் வழக்கம். இரண்டாவது வரியிலேயே ஆள் தெரிந்துவிட்டது. யாரோ படம் பிடித்து அனுப்ப, மதியத்துக்குள் அது திருப்பூர் போய்ச் சேர்ந்தது. அன்று சத்துணவு வரிசையில் பாதிப் பிள்ளைகள் இல்லை. மகன் போனில் கேட்டது ஒன்றுதான்: "இது நீயாம்மா?" ஆமாம் என்றிருக்கிறார். அவன் வைத்துவிட்டான்.

மாசியிலும் அவன் வரவில்லை. நான் போனபோது புளி மரத்திலேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"பேரை மாத்துனீங்க. கையை மாத்தலியே சார்" என்றார். பிறகு அடுப்பைக் கவனிக்க வீட்டுக்குள் போய்விட்டார்.

சென்ற மாதம் அதே பேருந்தில் அவரைப் பார்த்தேன். நிற்க இடமில்லாத கூட்டம். அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி. போய் உட்கார்ந்தேன். "நல்லா கீறீங்களா சார்" என்றார். மடியில் அதே பை. மலை ஏறி முடிக்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் உள்ளே மாத்திரைகள் சலசலத்துக்கொண்டே வந்தன. அவர் பையைப் பிடித்து நிறுத்தவில்லை.