ஒரு பக்கம் மட்டும் பலகை ஒட்டிய கப்பல்

புளித்த பாலைப் போல ஒரு வாடை அடிக்கும் அந்த வெள்ளைப் பசைக்கு. விரலில் காய்ந்தால் மெல்லிய தோலாக உரிந்து வரும். நாங்கள் அதை "கம்" என்போம். எனக்குப் பத்து வயதான அந்த ஆண்டு முழுவதும் மலேசியாவின் ஸ்கூடாயில் எங்கள் வீட்டின் முன்னறையில் அந்த வாடைதான்.

அக்கா கௌரிக்கு அப்போது பதினாறு வயது. இதயத்தில் ஓட்டை என்று சொல்லி, கோலாலம்பூரில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைக்கும்வரை பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த அப்பா, கூட வேலை செய்தவர் பிரிக்காமலே வைத்திருந்த துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒரு பொம்மை மரக்கப்பல் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து அவளிடம் கொடுத்தார். நீண்ட அடிமரம், அதில் விலா எலும்புகளைப் போலக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் விரலகலம்கூட இல்லாத மரக்கீற்றுகளை ஒவ்வொன்றாக வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, "கம்" தடவி, குண்டூசி குத்தி, துணி "கிளிப்" போட்டு இறுக்கிவிட்டுக் காயும்வரை காத்திருக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று ஒட்டுவாள். ஏனென்று நான் கேட்டதில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு போதும் லா," என்பாள், மூச்சு வாங்க.

பரிசோதனைக்காக அவளை ஜொகூர் பாரு மருத்துவமனையில் மூன்று நாள் படுக்கவைத்தபோது, அவள் திரும்புவதற்குள் வேலையை வளர்த்துவைத்தால் மகிழ்வாள் என்று நினைத்து, இடப்பக்கத்தில் மட்டும் அடுத்தடுத்து ஆறு கீற்றுகளை ஒட்டினேன். மூன்றாம் நாள் மாலை "கிளிப்"புகளை எடுத்துப் பார்த்தால், அடிமரம் வெயிலில் காய்ந்த கருவாட்டைப் போல முறுக்கிக்கொண்டிருந்தது.

அக்கா வந்ததும் அதைக் கையில் எடுத்தாள். "யாரு தொட்டா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ வர்றதுக்குள்ள ஒரு பக்கத்த முடிச்சு வைக்கச் சொல்லி அம்மாதான் சொன்னாங்க," என்றேன்.

அம்மா சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார். என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார்.

அதன்பின் அக்கா அம்மாவிடம் பேசவில்லை. அம்மா தட்டை அவள் பக்கத்தில் வைத்து, "கோவத்த சோத்துமேல காட்டக்கூடாது," என்று மட்டும் சொல்வார். அவள் பாதி தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். ஒன்பது நாள் அப்படியே போயிற்று. அதற்குள் சிகிச்சைக்கு நாளும் வந்துவிட்டது. புறப்படும் காலையில், பையை மூடிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், "அம்மா சொல்லல. நானாத்தான் ஒட்டினேன்," என்றேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது இருவர் கண்களும் சிவந்திருந்தன. டாக்சிவரை அம்மா அவள் கையை விடவில்லை.

அக்கா பிழைத்து வந்தாள். மூன்று மாதம் கழித்து, வினிகர் காடியில் நனைத்த துணியைப் போட்டுப் பசையை இளக்கி, நானும் அவளும் அந்தக் கீற்றுகளைப் பிரித்தோம். இரண்டு முறிந்தன. "ஒரே பக்கம் போட்டுக்கிட்டே போனா இரும்பே கோணும்," என்றார் அப்பா. இருபுறமும் மாற்றி மாற்றி மீண்டும் ஒட்டியபோது அடிமரம் ஏறக்குறைய நேராயிற்று.

அந்தக் கப்பலைப் பின்னாளில் கரையான் தின்றுவிட்டது. வீடு இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா சென்ற ஆண்டு காலமானார். கருமாதி முடிந்த மாலையில், அன்று சமையலறையில் என்னதான் பேசினீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஏம்மா பொய்ய ஒத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன்," என்றாள். "'உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, அக்கா தன்மேல கோவமாவே போயிட்டான்னு சின்னவ ஆயுசுக்கும் நினைச்சிக்கிட்டு இருப்பா. என்மேல கோவமா போனா நான் தாங்கிக்குவேன்'னாங்க."

"இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க," என்றாள் அக்கா. "அவங்க இருக்கிற வரைக்கும் சொல்லல."