ஆரியசாலையில் அணைந்த இரண்டு நட்சத்திரங்கள்

தொண்ணூறுகளின் இறுதியில் திருவனந்தபுரத்தில் வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கேலக்ஸிகள் இரண்டில், சாகும் நட்சத்திரம் உமிழ்கிற வாயுக்கூடு தலா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். தொலைநோக்கியில் எடுத்த படங்களில் அவை வெறும் புள்ளிகள். கட்டுரையைத் தபாலில் சேர்க்கும் முன், ஆரியசாலையில் செல்வியக்காவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அக்கா இயந்திரத்தின் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். "புள்ளி போக மாட்டேங்குது சாரே."

"அது சாகிற நட்சத்திரம் அக்கா. துடைச்சா போகாது" என்று சிரித்தேன்.

அவர் இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ரெண்டும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே மூலையிலயா சாகும்?"

வானத்தின் இரு வேறு இடங்களைப் படமெடுத்தும் ஒரே மூலையில் புள்ளி என்றால், அது எங்கள் தொலைநோக்கிக் கேமராவின் பழுது. கட்டுரை பைக்குள் திரும்பியது. என் மானமும் தப்பியது.

அதன்பின் படங்களை அப்படி வைத்துப் பார்க்காமல் நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. அடுத்த கட்டுரையின் நன்றிப் பட்டியலில் முதல் பெயர் அக்காவுடையது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.