இடது கட்டைவிரல்

"…சாப்ட்டுக்கினு இருக்கேன்னு மிஷினு சொன்னா, வயிறு ரொம்பிடுமா சார்?" என்று இலையிலிருந்து நிமிர்ந்தார் அந்த அக்கா.

திண்டிவனம் பைபாஸ் ஓட்டலில் நான் பில் போடுபவன். அவர் மேஜை துடைப்பவர். ஒல்லி உடம்பு, புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை. சாப்பிட உட்காரும்போதும் வேலைக்குத் திரும்பும்போதும் விரல் வைக்கும் ரேகை மிஷின் வந்த அன்று நாங்கள் எல்லோரும் வலது கட்டைவிரலைப் பதிந்தோம். அவர் மட்டும் இடதைக் கொடுத்தார். "பாதிச் சாப்பாட்டுல கூப்புடுவாங்க தம்பி. சோத்துக்கைய எப்பிடி வைக்கிறது?" என்றார்.

அப்படித்தான் நடந்தது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். நாலு வாய் உள்ளே போவதற்குள் பஸ் வந்து நிற்கும், சூப்பர்வைசர் கூப்பிடுவார், விரல் வைக்காமலே ஓடுவோம். மிஷின் கணக்கில் மட்டும் அரை மணி நேரமும் சாப்பிட்டுக்கொண்டே இருப்போம்!

அன்றும் பஸ் வந்தது. "ஜல்தி வாம்மா, மிஷினை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

"பேஜார் பண்ணாதம்மா."

"பண்ணல சார், வர்றேன். மிச்ச நேரம் என்னுது, பஸ்ஸு போனதும் துன்னுக்கிறேன்."

குழம்பு ஒட்டிய வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி போய், இடது கட்டைவிரலை மிஷினில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இத்தனை நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நினைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

பஸ் கிளம்பியது. அக்கா மறுபடி விரலை வைத்துவிட்டு, ஆறிப்போன சோற்றின் முன் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் பிசைய ஆரம்பித்தார்.