எலிக்கருவின் காய்ச்சல்

அடிலெய்டில் அந்த ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் க்ளெனிஸ் ட்ரெகென்ஸா. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் அவள் கை பட்டால்தான் அது மசியும். டாக்டர் பட்டக்காரர்கள் தொட்டால் முரண்டு பிடிக்கும்.

எலிக்கருவுக்குள் கண்ணுக்கே தெரியாத மணிகளை விடுவார்கள். லேசர் பட்டால் அவை இரண்டு விதப் பச்சையில் ஒளிரும். அந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் சூட்டைச் சொல்லும். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது என்பது அங்கே பாலபாடம். அதை நம்பித்தான் க்ளெனிஸ் கெட்டாள்.

ஆய்வு ஸொரிட்ஸா என்ற இளம் விஞ்ஞானியுடையது. தனியாளாகப் பிள்ளை வளர்க்கிறவள். மகள் மிலேனாவை ஆறு மணிக்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவர வேண்டும். மங்கிய ஒளியில் ஒருமுறை அளக்கவே அரை மணி நேரம் பிடிக்கும். பாவம், சீக்கிரம் போகட்டுமே என்று க்ளெனிஸ் லேசரின் வெளிச்சத்தைக் கூட்டிவைத்தாள். நோட்டில் எழுதவில்லை. விகிதம்தான் மாறாதே!

இரண்டு வருஷம் ஓடியது. கரு தன் சுற்றுப்புறத்தைவிட ஒரு டிகிரி சூடு என்று ஸொரிட்ஸா கட்டுரை எழுதி முடித்தாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். புதன்கிழமை லேசர் பழுதாகி, வெளிச்சம் குறைந்த ஒரு சொத்தை லேசரை மாட்டினார்கள். கருவின் அந்த ஒரு டிகிரி காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. கரு செத்துவிட்டதோ என்று பயந்தால், மறுநாள் காலை நாலு செல் எட்டாகி ஜம்மென்று இருக்கிறது!

க்ளெனிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. லேசர்தான் கருவுக்குள் இருந்த தண்ணீரைச் சூடாக்கியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நல்ல லேசர் வந்ததும் காய்ச்சலும் வந்துவிடும். அவளால் முடியவில்லை. ஸொரிட்ஸாவிடம் போனாள்.

"உன் குடியைக் கெடுத்துட்டேன் கண்ணு. லேசரைக் கூட்டினது நான்தான். ரெண்டு வருஷமா."

"எதுக்கு?"

"நீ ஆறு மணிக்குள்ள போகணுமே."

ஸொரிட்ஸா தின்றுகொண்டிருந்த கறி அடைத்த பேஸ்ட்டியைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! சீக்கிரம் முடியறது என் கைராசின்னு இல்ல நெனச்சேன்!" என்று சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

கட்டுரை போகவில்லை. திங்கட்கிழமை, லேசரை அடியோடு குறைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐந்தரைக்குப் பாதி வேலைகூட முடியவில்லை. மீதியை நான் பார்க்கட்டுமா என்று கேட்க க்ளெனிஸுக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்?

பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போன ஸொரிட்ஸா திரும்பி வந்து நோட்டை க்ளெனிஸின் மடியில் வைத்தாள்.

"மீதியை நீ அள. லேசரை எவ்வளவு வெச்சேன்னு எழுது."

"நேரமாகுமே."

"ஆகட்டும். உன்னைவிட்டா எனக்கு யாரு?"

அவள் ஓடிய பிறகு க்ளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசரின் அளவை எழுதினாள். யாரும் கேட்காமலே அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினாள்: கூட்டவில்லை.