ஐந்தாவது பொத்தான்

பள்ளி அலுவலகத்து மர பெஞ்சில் அவள் உட்காருவது இது ஆறாவது முறை. ரெடிமேட் துணிகளை அளவுக்குத் திருத்தித் தரும் ஆல்டரேஷன் கடையில் அவளுக்குப் பதினோரு வருஷ வேலை. உட்கார்ந்ததும் கண் தானாகச் சொருகியது. தூங்கினாலும் யாரும் எழுப்பப் போவதில்லை என்பது முதல் மூன்று தடவையிலேயே தெரிந்துபோயிற்று.

மகளுக்கு நாலு வயது. வீட்டில் கூப்பிடுவது சிட்டு என்று. ஓடுவாள், பாடுவாள், வாயாடுவாள். விரல்கள் மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. கலர்க் குச்சியை முஷ்டியில் பிடிப்பாள், கத்தரிக்கோல் கையில் நிற்காது. மழலையர் வகுப்பு டீச்சர்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னாள். கைவிரல்களைப் பழக்கும் தெரபிஸ்ட் ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கே வருகிறார், எழுதிக் கொடுங்கள் என்று. எழுதிக் கொடுத்தாள். படிவம் தொலைந்தது. மறுபடி கொடுத்தாள். பஸ் ஓட்டும் வீட்டுக்காரர், "விடு, வளர்ந்தா சரியாயிடும்" என்றார். வளர்வதற்குள் அவள் தேய்ந்துவிடுவாள் போலிருந்தது.

ஏழு மாதம் கழித்து தெரபிஸ்ட் வந்து சிட்டுவை ஒரு மணி நேரம் பார்த்தார். இன்று அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார்கள். மூன்றே வரி. குழந்தை தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாள். இப்போதைக்கு உதவி தேவையில்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த அளவுக்கு அலுத்துப் போயிருந்தாள். நல்லவேளை, அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. தாழ்வாரத்தில் தெரபிஸ்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், என் பொண்ணுக்குத் தேவையில்லைன்னு எழுதியிருக்கீங்க."

தெரபிஸ்ட் குறிப்பேட்டைப் புரட்டினார். "கோட்டு பொத்தானெல்லாம் பத்து நொடியில அவளே போட்டுக்கிட்டாளே. ஷூ மாட்டினா, பாத்ரூம் போயிட்டு வந்தா. இவளைவிட ரொம்பக் கஷ்டப்படற பிள்ளைங்க வரிசையில இருக்காங்கம்மா."

அவள் கையில் வைத்திருந்த மகளின் கோட்டைத் திருப்பி முன்பக்கத்தைப் பிரித்தாள். கிர்ர் என்று சத்தம் வந்தது. ஐந்து பொத்தானும் வெறும் அலங்காரம். பொத்தான் நுழையும் துளைகளான காஜாக்களை மூடித் தைத்து அவற்றின் மேலேயே பொத்தான்களை வைத்திருந்தாள், அடியில் வெல்க்ரோ. அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் திறக்கும். பாவாடை இடுப்பில் எலாஸ்டிக். ஷூவில் கட்டியபடியே இருக்கும் போலி முடிச்சு.

ஒருநாள் மற்ற பிள்ளைகள் வாசலில் வரிசையாக நிற்க, சிட்டு மட்டும் பொத்தானோடு மல்லுக்கட்டி அழுததைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். திருத்தியது தெரியக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். டீச்சருக்கே தெரியவில்லை. மணிக்கணக்கில் அடுத்தவர் விரல்களை உற்றுப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நல்ல வேலைக்காரி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"எத்தனை துணியில இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"எல்லாத்துலயும், மேடம்."

தெரபிஸ்ட் வெல்க்ரோவைத் தடவிப் பார்த்தார். "அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு தரம் பாக்கறேன். அதுக்கப்புறம் பட்டியலை மூடிடுவாங்க. சாதாரணத் துணியில அனுப்புங்க. நீங்களும் வந்து உக்காரலாம், ஆனா கை வைக்கக் கூடாது."

மறுநாள் கடையில், சாப்பாட்டு இடைவேளையில், கோட்டைப் பிரித்தாள். வெல்க்ரோவை எடுத்தாள், மூடிய காஜாக்களைத் திறந்தாள், பொத்தான்களை எதிர்ப்பக்கம் இழுத்துத் தைத்தாள்.

கடைக்கார அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் தளர்த்திக் குடுப்ப. பெத்த பொண்ணுக்கு மட்டும் கஷ்டத்தை இழுத்து வச்சுத் தைக்கிற."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு காஜா அளவு பிசகாமல் வந்தது. ஐந்தாவதில் கத்தரி கொஞ்சம் கூடுதலாக ஓடியது. தெரிந்துதான் ஓடவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். சிட்டு கோட்டை மாட்டி வழக்கம்போல ஓரத்தை அழுத்தினாள். ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"அம்மா, கோட்டு கெட்டுப்போச்சு."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மகள் பொத்தானைத் திருகினாள், இழுத்தாள், கடைசியில் பல்லால் கடித்தாள். மூக்கு சிவந்துவிட்டது. தெரபிஸ்ட் எழுதிக்கொண்டே இருந்தார். பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

முதல் நாலு பொத்தானும் நுழையவே இல்லை. ஐந்தாவது பொத்தான் ஒரு முறை வழுக்கியது, இரண்டு முறை வழுக்கியது, பிறகு நுழைந்துவிட்டது. சிட்டு குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெரபிஸ்ட் எழுந்து வந்து அந்தக் காஜாவில் விரலை விட்டுப் பார்த்தார். "இது மட்டும் பெருசா இருக்கே."

"மனசு கேக்கல, மேடம்." எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள்.

"செவ்வாய்தோறும் அரை மணி நேரம்னு எழுதிட்டேன்" என்றார் தெரபிஸ்ட். "வீட்ல நீங்க ஒண்ணு செய்யணும். ஒவ்வொரு துணியிலயும் ஒரே ஒரு காஜா இந்த அளவுக்கு இருக்கட்டும். அது பழகினதும் ஒரு நூல் அளவு சின்னதாக்குங்க. அப்புறம் அடுத்தது."

வீட்டில் பதினோரு துணி. உதவி கிடைத்தால் கொஞ்சம் ஓயலாம் என்று நினைத்திருந்தவள், மனதுக்குள் துணிகளை எண்ணிக்கொண்டே எழுந்தாள். கைகள் மரத்துப் போயிருந்தன. மகள் முன்னால் மண்டியிட்டு மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள். நாலாவதும் ஆயிற்று. ஐந்தாவது சரியாக மாட்டியிருக்கிறதா என்று கை தானாகப் போனது.

சிட்டு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அதத் தொடாத. அது நான் போட்டது."