இடப்பக்கத்துத் தவிட்டுக்குருவிகள்

அன்று காலை என் வீட்டுக்காரர் தட்டில் பாதி உப்புமா அப்படியே இருந்தது. நடுவில் கோடு போட்டதுபோல வலப்பக்கம் காலி, இடப்பக்கம் கைபடாத உப்புமா. "இன்னும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டினார். "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? இருக்கறத தின்னுங்க மொதல்ல" என்றேன்.

தட்டை உற்றுப் பார்த்துவிட்டு "எங்க கீது?" என்றார். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். சட்டையின் இடப்பக்கக் கை, அவர் கை நுழையாமல் வெறுமனே தொங்கியதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

நாங்கள் ஜவ்வாது மலையில், காவலூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் சாமையும் புளியும் பார்க்கிறவர். அது மாசி மாதம், புளி உலுக்கும் நேரம். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றி, ஆலங்காயம் இறங்கி, வேலூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள் (அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் அது செயலிழந்துவிடுவது, பக்கவாதம் என்று நாம் சொல்வது). இடக்கையும் இடக்காலும் தளர்ந்துவிட்டன. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டதாம். இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தொங்கினாலோ, பாதித் தட்டு மிஞ்சினாலோ முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கால் சீக்கிரம் தேறியது. கோல் ஊன்றி நடந்தார். ஆனால் வேறொன்று இருந்தது. மருத்துவர் அதைப் 'பக்கப் புறக்கணிப்பு' என்றார் (கண்ணில் கோளாறு இல்லாமலே, உடம்பின் ஒரு பக்கத்தையும் அந்தப் பக்கத்து உலகத்தையும் மூளை கணக்கில் எடுக்காமல் விடுவது). அவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். சவரம் செய்தால் பாதி முகம்தான். ஒருநாள் தன் இடக்கையைக் காட்டி, "இது யார் கையி? எடுத்துனு போகச் சொல்லு" என்றார். இடப்பக்கம் இருப்பது அவருக்கே புரிகிற வரைக்கும் தனியாக விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்தேன். தண்ணீர் வலப்பக்கம், டீ வலப்பக்கம், நானும் வலப்பக்கம். இடப்பக்கம் நின்று பேசினால் வலப்பக்கத்துச் சுவரில் என்னைத் தேடினார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன், கைக்கெட்டும் தூரத்தில் நான் நிற்கும்போதே "எங்க போய்ட்டா இவ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தே வலப்பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"நல்லது பண்றதா நெனச்சி அவருக்கு இடது பக்கமே வேணாம்னு ஆக்கறீங்கம்மா. இனிமே அந்தப் பக்கமே உக்காருங்க. அவரு திரும்பி உங்களத் தேடணும்."

"தேடலன்னா?"

"கூப்புடுங்க, தொடுங்க. தேடற வரைக்கும் அங்கயே இருங்க."

எதையும் வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்திக் காட்டவும் சொன்னாள். கண் அதன் பின்னாலேயே போய்ப் பழகுமாம். கலர் பந்து ஒன்றும் கொடுத்துவிட்டாள். பந்தை நான் நகர்த்தியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா, அங்கன்வாடி புள்ளையா நானு?" என்றார். அதோடு பந்து பரண் ஏறியது.

பிறகுதான் தோட்டத்தை நினைத்தேன். பின்வாசலில் அவர் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் குப்பைக்குழி, நடுவில் பலாமரம், இடப்பக்கம் துவைக்கிற கல். காலையில் தவிட்டுக்குருவிகள் குப்பையைக் கிளற வரும். அதுகள் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டமாக வந்து, ஒன்றையொன்று ஏசிக்கொண்டே தின்னும். மிஞ்சிய சாமைச் சோற்றைக் குப்பைக்குழியிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் வரிசையாகத் தூவினேன்.

அவருக்குப் பொறுக்கவில்லை. குருவி வராமல் இருக்கச் சாமை விதைத்த கொல்லையில் தகரம் தட்டியே காலத்தைக் கழித்தவர், பெண்டாட்டி சாமைச் சோறு வைத்துக் குருவியைக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. முனகினார். ஆனாலும் பார்த்தார்.

குருவிகள் தத்தித் தத்தி வந்தன. எண்ணினார். பலாமரம் வரை வந்ததும் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. முகம் மாறிவிட்டது.

"பலா மரத்தாண்ட பூனை இருக்குது. ஒண்ணொண்ணா புடிக்குது" என்றார்.

பூனை எதுவும் இல்லை. பலாமரத்தோடு அவருடைய உலகம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். காணாமல் போவதற்கு மூளை தானாக ஒரு காரணம் கட்டிக்கொள்ளும் என்று பிறகு மருத்துவர் விளக்கினார். அன்று எனக்கு அது தெரியாது. அவருடைய இடத்தோளில் கை வைத்து, "கழுத்தத் திருப்புங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்" என்றேன். திரும்பினார். கல்லடியில் குருவிகள் எல்லாம் சோற்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. "செத்துப் போச்சின்னு நெனச்சேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் இதே வேலை; நான் அங்கன்வாடிக்குப் போனதும் பக்கத்து வீட்டார் அவர்கூட இருப்பார்கள். குருவிகளுக்குப் பின்னாலேயே அணில் வந்தது. எப்போதாவது ஒரு கீரி தரையோடு தரையாக ஓடும். சளி பிடித்த நாளிலும் தூக்கம் கெட்ட நாளிலும் பூனை மறுபடி வந்துவிடும்; முன்னேற்றம் ஒரே நேர்கோட்டில் போகாது, மனசை விட்டுவிடாதீர்கள். குரங்குகளும் வந்தன. ஒரு பெண் குரங்குக்கு இவர் விஷயம் புரிந்துவிட்டது. நான் கொத்தமல்லி பறித்துக்கொண்டு திரும்பினால், அவர் இடப்பக்கத்தில் சம்பந்தி மாதிரி உட்கார்ந்து, மடியிலிருந்த தட்டின் இடப்பாதி இட்லியை நிதானமாகத் தின்கிறது. இவர் வலப்பாதியைத் தின்கிறார். இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஆடியில் சாமை விதைத்தோம். அவர் வரப்பில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். பலாமரத்தைத் தாண்டிப் பார்க்கப் பழகிவிட்டார். ஆனால் நான் சொன்னால்தான், தொட்டால்தான். தானாகத் திரும்ப மாட்டார். தினமும் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருநாளும் தேடவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. அவர் இடப்பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூப்பிடவில்லை, தொடவில்லை. அங்கன்வாடிக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலையில் அவரை மறந்தே போயிருந்தேன்.

"அசையாத" என்றார்.

நிமிர்ந்தேன். கழுத்தை முழுசாகத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல கம்பளிப்பூச்சி ஏறுது."

பாம்பைக் கண்டாலும் நின்று பார்ப்பேன். கம்பளிப்பூச்சி என்றால் எனக்கு உயிரே போய்விடும். எழுந்து உதறப் போனேன். அப்போதுதான், நான் சொல்லாமல் ஒருநாளும் எழும்பாத இடக்கை அவர் மடியிலிருந்து கிளம்புவதைப் பார்த்தேன். விரல்கள் விரிந்தன. மணிக்கட்டு எழுந்தது, தொய்ந்தது, மறுபடி எழுந்தது. முழங்கை நாற்காலியை விட்டு மேலே வந்தது. ஒரு கை இன்னொருவர் தோளுக்கு வந்து சேர இவ்வளவு நேரமாகும் என்று நான் யோசித்ததே இல்லை. அங்கன்வாடியும் அடுப்பும் நினைவில் இல்லை. எத்தனை நேரமானாலும் ஆகட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கம்பளிப்பூச்சிக்கு அந்தப் பொறுமை இல்லை. தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. அது போன வழியெல்லாம் சுரீர் சுரீர் என்றது.

கை வந்து சேர்ந்தது. வெறும் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "போய்டுச்சி" என்றார்.

"ஆமாங்க, போய்டுச்சி" என்றேன். பூச்சி அப்போது என் ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.