சாரல்ல காயாத பேரு

எங்க வீட்டுக்காரவ பேரு குற்றாலிங்கம். மேலகரத்துல ஆட்டோ ஓட்டுதாவ. சீசன் வந்துட்டா தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்குமா ஓயாம ஓட்டம்தான். குளிச்சிட்டு ஈரத்துணியோட ஏறுத ஆளுகளுக்காவ சீட்டுல ரெக்சின் விரிச்சு வச்சிருப்பாவ. ஒரு ஆளையும் கடிஞ்சு பேச மாட்டாவ. அதுக்கும் சேத்து நான் வீட்டுல பேசிக்கிடுதேன்.

யாரு வண்டில ஏறினாலும் ரெண்டு நிமிசத்துல, "எங்க வீடு பட்டாளத்து வீடு"ன்னு ஆரம்பிச்சிருவாவ. பொய்யில்ல. மாமனார் சுடலையாண்டி பட்டாளத்துல இருபத்துநாலு வருசம் இருந்து அவில்தாரா வந்தவிய. பெரியத்தான் மாரிச்செல்வம் சுபேதாரா ரிட்டையர் ஆனாவ. கடைக்குட்டி முத்துச்செல்வம் இப்பமும் ராஜஸ்தான்ல இருக்கான். நடுவுல பொறந்த இவிய மட்டும் போகல. ஆசை இல்லாமயா? ஆள் எடுக்கும்போது மூணு தடவ போனாவ. ஓட்டத்துல முன்னால வந்துருவாவ, கம்பியில தொங்கி ஏறிருவாவ. கடைசில டாக்டர் கால நனைச்சுச் சிமெண்டுத் தரையில நிக்கச் சொல்லுவாராம். நமக்கெல்லாம் பாதத்துக்கு நடுவுல ஒரு குழி இருக்கும்லா, அந்த எடம் தரையில படாது. இவியளுக்குக் குழியே கெடையாது. தோசை மாதிரி முழுசாப் பதிஞ்சிரும். அப்படித் தட்டக் காலு உள்ள ஆளப் பட்டாளத்துல எடுக்க மாட்டாவளாம். மூணு தடவையும் அந்தத் தரையோட திரும்பிட்டாவ.

எங்க வீட்டுல ஒரு கருப்புத் தகரப் பெட்டி உண்டு. மாமனார் பட்டாளத்துக்குக் கொண்டுபோன பெட்டி. பொறவு பெரியத்தான் கொண்டுபோனாவ, பொறவு சின்னவன். ஒவ்வொரு ஆளு போகும்போதும் மறுபடி கருப்படிச்சு, மேல வெள்ளப் பெயிண்டுல இங்கிலீசுல பேரெழுதணும். நம்ம ஊர்ல அப்பா பேருக்கு ஒரு எழுத்து போட்டா முடிஞ்சுது. பட்டாளத்துல அத முழுசா எழுதி, அதையே கூப்பிடுத பேராவும் ஆக்கிருதாவ. பெரியத்தான அங்கன இருந்த இருபத்தெட்டு வருசமும் ஒரு பயலும் மாரிச்செல்வம்னு கூப்பிட்டதில்லயாம். "சுடலையாண்டி, இங்க வா", "சுடலையாண்டி, டூட்டிக்குப் போ", இதுதான். மாமனாருக்கு அதுல அப்படி ஒரு பெருமை. "நாந்தாம்லே ரிட்டையர் ஆயிருக்கேன், எம் பேரு இன்னும் சர்வீசுலதான் இருக்கு"ம்பாவ.

அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கமும் வச்சிருந்தாவ. புதுசாப் போற ஆளோட பெட்டிய வீட்டுல இருந்து வண்டி வரைக்கும் பட்டாளத்துல இருந்த ஆளுதான் தூக்கணும். வேற கை படக் கூடாது. பெரியத்தானுக்கு மாமனார் தூக்கினாவ. சின்னவனுக்குப் பெரியத்தான் தூக்கினாவ. அன்னைக்கு இவிய ஒரு கை பிடிக்கலாம்னு குனிஞ்சாவ. மாமனார், "நீ வண்டிய எடுலே"ன்னுட்டாவ. எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்கூட ஆகல. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன். இவிய மூஞ்சியில ஒண்ணையும் காட்டாம போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாவ. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

ஆகஸ்டு பதினஞ்சுக்கு முன்னாள் ராணுவத்தார் சங்கத்துல கொடியேத்தி எல்லாருக்கும் சால்வ போடுவாவ. மாமனாரையும் பெரியத்தானையும் கூட்டிட்டுப் போறது இவியதான். ஒரு வருசம் நம்பிராஜன் அண்ணாச்சின்னு சங்கத்துக்குப் புதுசா வந்தவிய, இவிய காக்கிச்சட்டையப் பாத்துட்டு ஒரு சால்வையப் போத்திட்டாவ. இவிய அத அங்கனயே மடிச்சு, "நான் பட்டாளம் இல்ல அண்ணாச்சி, டிரைவரு"ன்னு திருப்பிக் குடுத்துட்டாவ. வீட்டுல நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டுது. போத்தினது போத்தியாச்சு, பேசாம வந்தா என்ன கொறஞ்சு போவும்? "அது எனக்குள்ளது இல்ல ஆனந்தம்"னாவ. இப்படி ஒரு மனுசர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?

எங்களுக்கு ஒரே மக, அபி. அவ பொறந்தன்னைக்கு இவிய செஞ்ச கூத்து இருக்கே, ஆஸ்பத்திரியே சிரிச்சுது. பிள்ளையக் கையில குடுத்தா மூஞ்சியப் பாக்காம உள்ளங்காலத் திருப்பிப் பாக்காவ. "எங்காலுதான் வந்திருக்கு"ன்னு கண்ணு கலங்கிட்டு. நர்சம்மா, "பச்சப் பிள்ளைக்கெல்லாம் இப்படித்தான் இருக்கும், போங்க அண்ணாச்சி"ன்னு வெரட்டி விட்டா. ஆறு வயசுல பழைய குற்றாலத்துல குளிச்சிட்டு அபி முன்னால ஓடுதா. காஞ்ச பாறையில ஈரக்காலு பதிஞ்சிருக்கு, நடுவுல அழகாக் குழி. இவிய அதப் பாத்துக்கிட்டு அங்கனயே நின்னுட்டாவ. பின்னால வந்த சனம் வையுது, நகரவே இல்ல.

ஆனா பட்டாளத்துக்குப் போன்னு அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அவளாத்தான் விடியக்காலம் ஓடக் கெளம்பினா. இவிய பின்னாலயே ஆட்டோவுல லைட்டப் போட்டுக்கிட்டுப் போவாவ. போன ஆனி மாசம் ஆர்டர் வந்துது. மிலிட்டரி போலீசு, பெங்களூர்ல ட்ரெயினிங்கு. பெட்டியெல்லாம் அங்கனயே வாங்கிக்கிடலாம்னு பெரியத்தான் சொன்னாவ. மாமனார் கேப்பாவளா? நம்ம பெட்டிதான் போகணும்னுட்டாவ.

எனக்கு அப்பமே நெஞ்சுக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கிட்டு. பெத்த மகளோட பெட்டியையும் இவிய தொடக் கூடாதா? நேராவே கேட்டேன். "மாமா, அபி பெட்டிய அவ அப்பா தூக்கட்டுமே."

"மாரிச்செல்வம் தூக்குவான்."

"அவியளுக்குத்தான் இடுப்பு வலில்லா?"

"அவன் சுபேதார்ம்மா."

எண்பத்துநாலு வயசு ஆளுகிட்ட எவ்வளவுதான் மல்லுக்கட்ட? இவியட்ட வந்து பொலம்பினா, "விடு ஆனந்தம், வண்டி நாந்தான ஓட்டப் போறேன்"னு சிரிக்காவ. பாதிச் சிரிப்புல வாய் கோணிட்டு. சட்டுன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டாவ. எனக்கு மாமனாரு மேல வந்த கோவத்துல அன்னைக்குக் கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். அதையும் பேசாமச் சாப்பிட்டாவ.

கெளம்புததுக்கு மொத நாளு சாயங்காலம் பரீது அண்ணாச்சி பெட்டியக் கொண்டாந்து எறக்கினாவ. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல நம்பர் பிளேட்டு எழுதுறவிய. மாமனார்தான் எழுதக் குடுத்திருந்தாவ. பளபளன்னு இருந்துது பெட்டி. அபி குனிஞ்சு வாசிச்சுப் பாத்துட்டு, "தாத்தா, இது யாரு பேரு?"ன்னா.

"ஏன், நம்ம பேருதான்."

பெட்டியில அபி சுடலையாண்டின்னு எழுதியிருக்கு. மூணு தடவ அந்தப் பேருதான எழுதினது, பழக்க தோசத்துல இதுக்கும் அதையே சொல்லிட்டாவ.

"தாத்தா, என் அப்பா பேரு குற்றாலிங்கம்லா? ஆர்டர்ல அபி குற்றாலிங்கம்னு இருக்கு. இந்தப் பேர்ல அங்க ஆளே கெடையாது."

மாமனார் கண்ணாடியப் போட்டு ஆர்டர வாங்கிப் பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. பொறவு மெதுவா, "பரீது, அழிச்சுட்டு மாத்தி எழுதுப்பா"ன்னாவ.

"எழுதிரலாம் மாமா. சாரல் அடிக்கி, விடியதுக்குள்ள காயுமான்னுதான் தெரியல."

"காயாட்டாலும் எழுது."

பரீது அண்ணாச்சி எழுதி முடிக்கது வரைக்கும் நாற்காலியப் பக்கத்துல போட்டு உக்காந்து, ஒவ்வொரு எழுத்தா பாத்துக்கிட்டே இருந்தாவ. இவிய ஆட்டோவத் துடைக்க மாதிரி வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்தாவ.

காலையில ஏழு மணி ரயிலு. ஆறுக்கே தெரு சனம் வாசல்ல கூடிட்டு. சாரல் விடல. பெரியத்தான் இடுப்புல பெல்ட்ட இறுக்கிக்கிட்டுப் பெட்டிகிட்டக் குனிஞ்சாவ. மாமனார் கம்ப வச்சுத் தரையில ஒரு தட்டுத் தட்டினாவ.

"ஏலே மாரிச்செல்வம், நீ போயி வண்டில உக்காரு."

பெரியத்தான் முழிக்காவ.

"குற்றாலிங்கம், பெட்டியத் தூக்குலே."

இவிய அசையல. "அப்பா, நான் பட்டாளம் இல்லயே"ன்னாவ. அந்த நேரத்துலயும் பாருங்க, சால்வையத் திருப்பிக் குடுத்த அதே புத்தி. எனக்குப் பின்னால இருந்து ஒண்ணு போடலாமான்னு இருந்துது.

மாமனார், "எம் பேரு முத்துச்செல்வத்தோட ரிட்டையர் ஆயிரும்லே. உம் பேரு இன்னைக்குத்தான் சேருது. தூக்கு"ன்னாவ. அவிய கண்ணு கலங்கி அன்னைக்குத்தான் பாத்தேன். அதுவரைக்கும் அவிய மேல இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

இவிய செருப்பக் கழத்திப் போட்டுட்டு, பெட்டியத் தோள்ல ஏத்தினாவ. நனைஞ்ச சிமெண்டு முத்தத்துல வாசல்ல இருந்து ஆட்டோ வரைக்கும் நடந்தாவ. பெயிண்டு காயலல்லா, காக்கிச்சட்டையில தோள்பட்ட பூராவும் வெள்ளையா அப்பிக்கிட்டு. அபி சிரிக்கா, நான் அழுதேன். அந்தச் சட்டையில பெயிண்டு இன்னைக்கு வரைக்கும் போகல. நானும் தேய்க்கல. அதப் போட்டுக்கிட்டுத்தான் சவாரிக்குப் போறாவ.

மூணு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் அபி போன் பண்ணினா. இவிய ஸ்பீக்கர்ல போட்டாவ.

"அப்பா, இங்க அபின்னா ஒருத்தருக்கும் தெரியாது. நாள் முழுக்கக் குற்றாலிங்கம், குற்றாலிங்கம்தான். வந்ததும் மறுபடி மெடிக்கல் வச்சாங்க. கால நனைச்சு நிக்கச் சொன்னாங்க. டாக்டரம்மா குனிஞ்சு பாத்துட்டு, 'குற்றாலிங்கம், ஃபிட்'னு சத்தமாச் சொல்லி எழுதினாங்கப்பா."

இவிய போன எங்கையில குடுத்துட்டு வெளிய போயிட்டாவ. நான் பிள்ளகிட்ட சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரிச்சிட்டுப் போயிப் பாத்தேன். ஆட்டோவுல பின் சீட்டுல, சவாரி வந்த ஆளு கணக்கா உக்காந்திருக்காவ. காலு ரெண்டையும் வெளிய நீட்டிப் பாத்துக்கிட்டிருக்காவ.

"என்னங்க, என்ன ஆச்சு?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல ஆனந்தம்"னாவ. "இருபத்தேழு வருசம் ஆச்சு. இன்னைக்குத்தான் பாசாயிருக்கேன்."